சரித்திரப் பாடத்தில் வராத கமரன்

(எழுதியவர்: பழைய மாணவி, வைத்தியர், நெடுங்கேணி)

நம் பாடசாலையில் வரலாறு படித்த எவரையும் நடுச்சாமத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தம், 1833 என்று சொல்லிவிடுவார். இராசகாரிய ஒழிப்பு, கறுவா ஏகபோகத்தின் முடிவு, சட்டநிரூபண சபை, நாடு முழுவதற்கும் ஒரே நிர்வாகம், ஐந்து மாகாணங்கள். யாழ்ப்பாணமும் மன்னாரும் வன்னியும் நுவரகலாவியவும் ஒன்றாகக் கட்டப்பட்டு வட மாகாணம் ஆனது அப்போதுதான். இன்றைக்கும் நெடுங்கேணியில் இருந்து ஒரு கடிதம் எழுதினால் அந்த மாகாணத்தின் பெயரைத்தான் முகவரியில் எழுதுகிறோம்.

அந்தச் சோடிப் பெயரில் இரண்டாவதாக வரும் சார்ள்ஸ் ஹே கமரனுக்கு ஒரு மனைவி இருந்தார் என்று எந்த ரீச்சரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் பாடத்திட்டத்தில் இருக்கவில்லை. ஆனால் இலங்கைக்கு வெளியே இன்று கணவரை அறிந்தவர்களை விட மனைவியை அறிந்தவர்களே மிக அதிகம். ஜூலியா மார்கரட் கமரன் என்ற அந்த அம்மையார் இலங்கையில் இறந்தார். போகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். படம் பிடிப்பது காசுக்குச் செய்யும் கைத்தொழிலா, கலையா என்ற பழைய வழக்கில் அவருடைய பெயரைத் தவிர்த்துவிட்டு யாரும் பேச முடியாது. நூற்றாண்டு மலருக்கு ஒரு பெண்ணின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க் குழு கேட்டபோது நாம் இவரைத் தெரிந்ததற்கு அது ஒரு காரணம். மற்றக் காரணம் நம் பாடசாலைப் படங்களோடு சம்பந்தப்பட்டது. அது பின்னால் வரும்.

அவர் பிறந்தது கல்கத்தாவில், 1815 யூன் 11ஆம் திகதி. தகப்பனார் ஜேம்ஸ் பட்டில் கிழக்கிந்தியக் கம்பனி உத்தியோகத்தர். தாயார் பிரெஞ்சு வழி வந்தவர். பிள்ளைகளைப் படிப்பதற்குப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். பட்டில் சகோதரிகள் ஏழு பேரும் கல்கத்தாவில் பேர்போன அழகிகள், ஜூலியா ஒருவரைத் தவிர என்று அந்த நாளையில் பேச்சு. எங்கள் ஊர்களில் கலியாணப் பேச்சின்போது அக்கா தங்கையை அருகருகே நிறுத்தி வைத்து எடைபோடுவார்களே, அதே கொடுமைதான். முகத்தின் அழகைப் பற்றி ஒருவர் சாகும்வரை யோசித்துக்கொண்டிருந்ததற்கு இந்தப் பேச்சும் ஒரு வித்தாக இருந்திருக்கலாம் என்பது எமது ஊகம்.

1836இல் உடம்பு தேறுவதற்காக நன்னம்பிக்கை முனைக்குப் போனார். அங்கேதான் இரண்டு பேரைச் சந்தித்தார். ஒருவர் வானியல் அறிஞர் சேர் ஜோன் ஹேர்ஷல். மற்றவர் இருபது வயது மூத்தவரான சார்ள்ஸ் கமரன். கமரனை 1838இல் கல்கத்தாவில் மணந்தார். ஹேர்ஷல் ஆயுட்கால நண்பரானார். புகைப்படக்கலை பிறந்த காலத்தில் அதன் இரசாயனத்தில் ஈடுபட்டவர்களில் ஹேர்ஷல் முக்கியமானவர். படத்தை அழியாமல் நிலைக்கச் செய்யும் உப்பைக் கண்டுபிடித்தவர். புதிய கண்டுபிடிப்பின் மாதிரிகளை 1840களின் தொடக்கத்திலேயே கல்கத்தாவுக்கு அனுப்பி வைத்தார். ஆனால் கமரா அம்மையாரின் கைக்கு வர இன்னும் இருபது வருடம் கிடந்தது. இடையில் அவர் ஒரு மகளையும் ஐந்து மகன்மாரையும் பெற்று வளர்த்தார்; தாய் தகப்பன் இல்லாத உறவுப் பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தார். 1848இல் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது. கமரன் இலங்கையில் வாங்கிப்போட்டிருந்த கோப்பித் தோட்டங்களே வருமானம். 1860இல் வைட் தீவில் பிரெஷ்வோட்டர் என்ற ஊரில் வாங்கிய வீட்டுக்கு, திம்புளத் தோட்டத்தின் பெயரையே திம்போலா என்று வைத்தார்கள்.

1863 மார்கழியில் மகளும் மருமகனும் ஒரு கமராவை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். கணவர் இலங்கைத் தோட்டங்களைப் பார்க்கப் போய்விடும் காலங்களில் அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்ற எண்ணம். அம்மாவுக்கு அப்போது 48 வயது. நாற்பதுகளைத் தாண்டிக்கொண்டிருக்கும் நம் வகுப்புத் தோழிகள் இந்த எண்ணை இரண்டாம் தரம் வாசிக்க வேண்டும். கோழிக்கூட்டைக் கண்ணாடி வீடாக்கினார். நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறையாக்கினார். 1864 தையில் ஆனி என்ற சிறுமியின் படம் சரியாக வந்தது. அதைத் தமது முதல் வெற்றி என்று படத்திலேயே எழுதி வைத்தார்.

அந்த நாளில் படம் பிடிப்பது என்ன வேலை என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையை ஊற்றி, நாலு மூலைக்கும் ஓடவிட்டு, ஈரம் காயுமுன் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஓடிப்போய்க் கமராவில் வைத்து, படம் எடுத்து, திரும்ப ஓடிவந்து இருட்டறையில் கழுவி எடுக்க வேண்டும். எல்லாம் அந்த ஈரம் இருக்கும் சில நிமிடங்களுக்குள். காய்ந்தால் தகடு வீண். பிறகு வாளி வாளியாகக் கிணற்றுத் தண்ணீர். தகட்டில் இருந்து கடதாசியில் பதிப்பதற்கு முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளும் வெயிலும் வேண்டும். வைத்தியர்களுக்கு இந்தச் சாமான்கள் எல்லாம் பழகினவை. கொலோடியன் முதலில் காயத்துக்குப் பூசும் மருந்தாகவே பயன்பட்டது. காலாணிக்கும் மருவுக்கும் நாம் இன்றும் எழுதிக் கொடுக்கும் பூச்சு மருந்தில் அது இருக்கிறது. வெள்ளி நைத்திரேற்று ஒரு காலத்தில் பிறந்த குழந்தைகளின் கண்ணில் விட்ட துளி மருந்து. தோலில் பட்டால் கறுத்துவிடும். அந்தக் கறையை எடுக்க அக்காலத்துப் படக்காரர் பொற்றாசியம் சயனைட்டைக் கையில் தேய்த்தார்கள் என்பதை நினைக்க வயிற்றைக் கலக்குகிறது. அம்மையாரின் கையும் உடுப்பும் எப்போதும் கறுத்தே கிடந்தன. விருந்தாளிகள் வந்தால் அதே கோலத்தோடு போய் இருந்தார்.

அதே காலத்தில் இங்கிலாந்தின் ஒவ்வொரு பட்டணத்திலும் ஸ்ரூடியோக்கள் முளைத்திருந்தன. உள்ளங்கை அளவில் சின்னப் படம், டசின் கணக்கில். பின்னால் வர்ணத் திரை, பக்கத்தில் ஒரு தூண், கையில் ஒரு புத்தகம், தலை ஆடாமல் இருக்கக் கழுத்துக்குப் பின்னால் ஒரு இரும்புக் கவை. தலைமுதல் பாதம்வரை ஒரே தெளிவு. இந்தத் தூணும் திரையும் பிறகு கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்துசேர்ந்தன. யாழ்ப்பாணத்து வீடுகளில் தொங்கிய அம்மம்மா காலத்துக் கலியாணப் படங்களில் அவற்றைப் பார்க்கலாம்.

அம்மையார் இதில் ஒன்றையும் செய்யவில்லை. கமராவை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். வெளிச்சத்தை ஒரு பக்கத்தில் இருந்து மாத்திரம் வரவிட்டார். இருந்தவர் நிமிடக் கணக்கில் இருக்க வேண்டும். மூச்சும் இமையும் அசையும். அந்த அசைவு படத்தில் மென்மையாகக் கலந்து வரும். குவியத்தை ஓர் இடத்தில் தமக்குப் பிடித்த அளவில் நிறுத்திவிடுவார். 1866இல் 15 அங்குலத்துக்கு 12 அங்குலத் தகடு கொள்ளும் பெரிய கமரா வாங்கியபின், முகங்கள் ஆள் அளவில் வந்தன. 1867இல் எடுத்த ஹேர்ஷலின் படத்தில் கிழவரின் வெள்ளை மயிரும் இருட்டில் இருந்து மிதந்து வரும் கண்களும் பார்ப்பவரை இன்றும் நிறுத்திவைக்கும். கார்லைல், டார்வின், பக்கத்து வீட்டுக்காரரான கவிஞர் டெனிசன் எல்லோரும் அந்தக் கதிரையில் இருந்து அவதிப்பட்டவர்களே.

தொழிற்படக்காரரும் அவர்களின் பத்திரிகைகளும் கடுமையாகத் தாக்கினார்கள். குவியம் சரியில்லை, தகட்டில் கீறல், விரல் அடையாளம், ஒரு பெண் பிள்ளை அவசரத்தில் செய்த வேலை. ஓவியர்கள் மறுபக்கம் நின்றார்கள். பெர்லினில் 1866இல் தங்கப் பதக்கம் கிடைத்தது. உண்மையில் அந்தச் சண்டை அவரோடு தொடங்கியதல்ல. 1862 இலண்டன் சர்வதேசப் பொருட்காட்சியில் புகைப்படங்களை யந்திரங்களோடு வைப்பதா நுண்கலைகளோடு வைப்பதா என்று பெரிய தகராறு நடந்தது. அதே 1862இல் வந்த பதிப்புரிமைச் சட்டம் ஓவியத்தையும் சித்திரத்தையும் புகைப்படத்தையும் ஒரே வரிசையில் வைத்தது. பொருட்காட்சிக்காரர் கொடுக்கத் தயங்கிய இடத்தைச் சட்டம் வியாபாரத்தின் பாதுகாப்புக்காகக் கொடுத்துவிட்டது!

இந்த இடத்தில்தான் அவருடைய வரலாற்றைச் சொல்பவர்கள் பலர் ஒரு விஷயத்தை மெல்லக் கடந்துவிடுகிறார்கள். பொழுதுபோக்குக்குப் படம் பிடித்த ஒரு சீமாட்டி, காசைப் பற்றி எண்ணாதவர், ஆகவே கலைஞர் என்று எழுதுகிறார்கள். அது சரியல்ல. அவர் அந்தச் சட்டத்தின் கீழ் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்களைத் தம் பெயரில் பதிவு செய்தார். இலண்டனில் ஓவியப் பிரதிகள் விற்கும் கோல்னாகி நிறுவனத்தின் மூலம் விற்றார். மண்டபம் வாடகைக்கு எடுத்துக் கண்காட்சி வைத்தார். தென் கென்சிங்டன் நூதனசாலையின் தலைவர் ஹென்றி கோலை விடாமல் பிடித்து 1865இல் படங்களை வாங்க வைத்தார். 1868இல் அந்த நூதனசாலையிலேயே இரண்டு அறைகளை ஸ்ரூடியோவாகப் பெற்றுக்கொண்டார். இன்று விக்டோரியா அன்ட் அல்பேர்ட் நூதனசாலை என்று அழைக்கப்படுவது அதுதான். வீட்டில் காசு தட்டுப்பாடு. இலங்கைத் தோட்டங்கள் பொய்த்துக்கொண்டிருந்தன. 1869இல் கோப்பி இலையில் தோன்றிய மஞ்சள் நோய் பின்னர் நாட்டின் கோப்பியையே விழுங்கியது. அவருக்கு விற்பனை வேண்டியிருந்தது. பெரிதாக இலாபம் வரவில்லை என்பது வேறு கதை.

ஆகையால் காசுக்கு எடுத்தது ஒரு பக்கம், கலை மறுபக்கம் என்று அவருடைய வாழ்க்கையை வெட்ட முடியாது. விற்பதற்காகவே அவர் ஒவ்வொரு படத்தின் அடியிலும் கையொப்பம் வைத்தார், தலைப்பு எழுதினார், பதிவு செய்தார், நூதனசாலையில் சேர்த்தார். பிற்காலத்தில் அவரைக் கலைஞராகக் காப்பாற்றியதும் அதே கையொப்பமும் தலைப்பும் பதிவும்தான். அவருடைய கடைசி மகன் பின்னர் இலண்டனில் முறையாக ஒரு ஸ்ரூடியோவைத் திறந்து படம் பிடித்துப் பிழைத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

படத்துக்கு இருந்தவர்கள் எல்லோரும் பெரிய மனிதர் அல்லர். வீட்டு வேலைக்காரியான மேரி ஹில்லியர் மாதாவாக, புனிதையாக எத்தனையோ படங்களில் வருகிறார். மேரி றயன் என்ற ஐரிஷ் பிள்ளை தாயோடு தெருவில் பிச்சை எடுத்தவர். அம்மையார் வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்த்து, வேலையும் கொடுத்து, படமும் எடுத்தார். ஹென்றி கொற்றன் என்ற வாலிபர் 1865 கண்காட்சியில் அந்தப் படத்தையும் படத்துக்குரியவரையும் கண்டு மனம் பறிகொடுத்து, 1867இல் அவரை மணந்தார். இந்திய சிவில் சேவையில் இருந்த அந்தக் கொற்றன்தான் 1904இல் பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸ் மகாநாட்டின் தலைவர். பிச்சைக்காரப் பிள்ளையின் பெயர் இன்று நமக்குத் தெரிகிறது. அவளுடைய கலியாண வருடமும் தெரிகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1873இல் கமராவைக் கொடுத்த மகள் பிள்ளைப்பேற்றில் இறந்தார். மகப்பேற்று விடுதியில் வேலை செய்த எவருக்கும் இந்த ஒரு வரி போதும். அடுத்த ஆண்டில் அவர் தம் வாழ்க்கையை எழுதத் தொடங்கினார், முடிக்கவில்லை. டெனிசனின் ஆர்தர் மன்னர் கவிதைகளுக்குப் படம் எடுத்துத் தம் செலவிலேயே புத்தகமாக்கினார். அந்தப் படங்களில் வேடம் கட்டிய அயலவர்கள் நமக்கு நம் பாடசாலை ஒளிவிழா நாடகத்தைத்தான் ஞாபகப்படுத்துகிறார்கள். கிட்ட நின்று எடுத்த முகங்களின் பக்கத்தில் அவை நிற்கமாட்டா.

1875இல் இருவரும் இலங்கைக்குப் புறப்பட்டார்கள். கணவருக்கு எண்பது வயது; இந்த நாட்டின் மேல் அவருக்கு இருந்த ஆசை அடங்கவே இல்லை. மகன்மார் இங்கே இருந்தார்கள். இங்கிலாந்தில் இருப்பதை விட இங்கே செலவும் குறைவு. இரண்டு சவப்பெட்டிகளைச் சாமான் அடைத்துக் கொண்டுவந்தார்கள் என்றும், ஒரு பசுவையும் கூட்டிவந்தார்கள் என்றும், துறைமுகத்தில் சில்லறை இல்லாதபடியால் பெட்டி தூக்கியவர்களுக்குப் படங்களையே கூலியாகக் கொடுத்தார் என்றும் குடும்பத்தில் கதை உண்டு. பாஸ்போட்டும் நகையும் மாத்திரம் எடுத்துக்கொண்டு இரவில் ஓடிய நமக்கு அந்தப் பசு ஆடம்பரமாகத் தெரிகிறது.

களுத்துறையில் அரச சேவையில் இருந்த மகன் ஹாடிஞ்சோடு தங்கினார்கள். தோட்டத்தில் இருந்த மகனிடமும் போய்வந்தார்கள். இங்கே எடுத்த படங்களில் எஞ்சியவை முப்பது அளவில்தான். உலகம் சுற்றித் தாவரங்களை வரைந்த மரியான் நோத் 1877 தையில் களுத்துறைக்கு வந்தபோது அம்மையார் அவரைப் படம் பிடித்தார். அதே நாட்களில் ஒரு கூலியாளின் முதுகு அழகாக இருக்கிறதென்று அவரைத் தோட்டக்காரனாக வைக்கும்படி மகனை வற்புறுத்தினார். வீட்டிலோ தோட்டமே இல்லை. நோத் இதை வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறார். அந்த முதுகுக்குரியவரின் பெயர் என்ன?

இங்கேதான் நமக்குக் கதை நெருடத் தொடங்குகிறது. பிரெஷ்வோட்டரில் வேலைக்காரிக்கும் பிச்சைக்காரிக்கும் பெயர் இருந்தது. களுத்துறையில் கிராமத்தவரும் வேலையாட்களும் தோட்டத் தொழிலாளரும் படத்தில் இருக்கிறார்கள், பெயர்களைக் காணவில்லை. களுத்துறைக் குடியானவர் கூட்டம், இலங்கைப் பெண் என்ற மாதிரியே படங்கள் இன்று அழைக்கப்படுகின்றன. அந்தக் கண்ணும் அந்த வெளிச்சமும் அதேதான். பெண்கள் கம்பீரமாக, நேராகப் பார்க்கிறார்கள். ஆனால் யார்?

அந்த நாளில் கோப்பித் தோட்டத் தொழிலாளர் என்றால் பெரும்பாலும் தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்கள். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டோரமாகத் தெற்கே மாத்தளைக்குக் கால்நடையாகப் போனவர்கள் ஏராளம். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களும் ஏராளம். அவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்தில் இருந்து திரும்பவும் வடக்கே வந்து நெடுங்கேணியைச் சுற்றிக் குடியேறினார்கள். கென்ற் பாம், டொலர் பாம் பகுதிகளில் இருந்தவர்கள் 1984இல் அங்கிருந்தும் எழுப்பப்பட்டார்கள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் அவர்கள். அம்மையாரின் படத்தில் உள்ள ஒரு முகம் அவர்களில் ஒருத்தியின் கொப்பாட்டியின் முகமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பெயர் எழுதப்படாததால் யாரும் உரிமை கோர முடியாது.

வைத்தியப் புத்தகங்களில் நோயாளியின் படத்தைப் போடும்போது நாமும் பெயரை எழுதுவதில்லை. அங்கே பெயர் தெரியும். அவரைக் காப்பதற்காக மறைக்கிறோம். கேட்காமல் விடுவது வேறு.

அம்மையாரை மாத்திரம் குறை சொல்லுவதும் நியாயமில்லை. கொழும்பிலும் கண்டியிலும் ஸ்கீன் கம்பனி, ஸ்கோவன் கம்பனி போன்ற வியாபார ஸ்ரூடியோக்கள் அதே காலத்தில் தமிழ்ப் பெண், சிங்களப் பெண், தேயிலை கொய்பவர் என்று இன வகைப்படுத்திப் படங்களை இலக்கமிட்டுப் பயணிகளுக்கு விற்றன. கப்பல் ஏறும் துரைமார் அல்பம் நிரப்ப வாங்கிப் போனார்கள். அந்தச் சரக்குப் படங்களும் இப்போது வெளிநாட்டு நூதனசாலைகளில் கலைப் பொருட்களாகப் பாதுகாக்கப்படுகின்றன. ஸ்கோவனின் செடிகொடிப் படங்களையும் பெண்களின் படங்களையும் சேகரிப்போர் தேடித் தேடி வாங்குகிறார்கள். படம் பிடித்த கம்பனிக்குப் பெயர் வந்துவிட்டது. இருந்தவளுக்கு வரவில்லை.

ஜூலியா மார்கரட் கமரன் 1879 தை 26ஆம் திகதி, டிக்கோயாப் பக்கத்துக் கிளென்கெயான் தோட்டத்தில் காலமானார். போகவந்தலாவைச் சென் மேரிஸ் கோவில் முற்றத்தில் அடக்கம். அடுத்த ஆண்டு சித்திரை கழிந்து வைகாசியில் கணவரும் போய், பக்கத்தில் படுத்தார். நம் பாடப்புத்தகத்துக் கமரன் அந்த முற்றத்தில் இருக்கிறார் என்று தெரியாமலே எத்தனை பேர் அந்தப் பாதையால் ஹற்றனுக்கு பஸ்ஸில் போயிருக்கிறார்கள்!

அதன்பின் கொஞ்சக் காலம் மறதி. 1913இல் நியூயோர்க்கில் அல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் தம் புகைப்பட சஞ்சிகையில் அவருடைய படங்களை வெளியிட்டார். 1926இல் அவருடைய தங்கையின் பேத்தியான எழுத்தாளர் வேர்ஜீனியா வுல்ப், ஓவிய விமர்சகர் றோஜர் பிறையோடு சேர்ந்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். 1948இல் ஹெல்முட் கேர்ன்ஷைம் அவரைப் பற்றித் தனி நூல் எழுதினார். எல்லாவற்றிலும் பெரிய திருப்பம் 1970களில். ஹேர்ஷலுக்கு அவர் அன்பளித்த அல்பம் ஏலத்தில் 52,000 பவுணுக்குப் போனது, வாங்கியவர் அமெரிக்கர். ஓவியத்தை நாட்டைவிட்டுக் கொண்டுபோகவிடாமல் தடுப்பதுபோல அந்த அல்பத்தையும் தடுத்தார்கள். பொதுமக்களிடம் பணம் சேர்த்து 1975இல் இலண்டன் தேசிய உருவப்படக் கூடம் அதை வாங்கியது. யந்திரங்களோடு வைப்பதா என்று தகராறு நடந்து 113 வருடம்! 2003இல் அவருடைய படங்கள் எல்லாம், ஆயிரத்து இருநூறுக்கு மேல், ஒரே பெரும் பட்டியல் நூலாக வந்துவிட்டன.

இனி நம் படங்கள். இந்த மலருக்குப் பழைய வகுப்புப் படங்கள் கேட்டபோது குழுவில் ஒரு விவாதம் எழுந்தது. பட்டணத்து ஸ்ரூடியோக்காரர் வருடத்துக்கு ஒருமுறை வந்து, வாங்கைப் போட்டு, மூன்று வரிசை நிறுத்தி, பிரதிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிப் போன படங்கள்தானே, இவற்றைப் பெரிதாகப் போடுவானேன், பின்னிணைப்பில் சின்னதாகப் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். நாம் உடன்படவில்லை. அந்த மனிதர்கள் வேலை தெரிந்தவர்கள். காலை ஒன்பது மணி வெயில் வேப்பமரத்தடிக்கு எப்படி விழும் என்று பார்த்து வாங்கை அரை அடி தள்ளிப்போட்டவர்கள். கறுத்தப் பிள்ளையின் முகமும் வெள்ளைச் சட்டையும் ஒரே படத்தில் கெடாமல் வர வைத்தவர்கள். தட்டையின் பின்பக்கம் ஸ்ரூடியோ முத்திரை இருக்கும். படம் பிடித்தவரின் சொந்தப் பெயர் இராது.

இடம்பெயர்வுகளில் பாடசாலையிடம் இருந்த பிரதிகள் எல்லாம் போய்விட்டன. மழையில் நனைந்தது, எரிந்தது, பங்கருக்குள் ஒட்டிப்போனது. 2009க்குப் பின் திரும்பி வந்தபோது வீடுகளில் கூரை இல்லை, அல்பம் எங்கே இருக்கப் போகிறது. இப்போது நம்மிடம் உள்ள படங்கள் அநேகமாகக் கனடாவிலும் இலண்டனிலும் சுவிஸிலும் இருந்து வந்தவை. அன்றைக்கு ஒரு பிரதிக்குக் காசு கட்டி வாங்கி, மாமிக்கோ சித்திக்கோ தபாலில் அனுப்பிய யாரோ ஒரு தாயின் புண்ணியம். விற்ற பிரதிகள்தான் மிஞ்சின. சில படங்களில் உள்ள பிள்ளைகள் இன்று உயிரோடு இல்லை. சில தாய்மாரிடம் அந்தப் பிள்ளையின் படம் என்று இருப்பது அந்த மூன்றாம் வரிசை முகம் ஒன்றுதான். பெருப்பித்துத் தரும்படி கேட்டு வருகிறார்கள்.

முடிவில் குழு ஒத்துக்கொண்டது. வகுப்புப் படங்கள் முழுப் பக்கத்தில் வருகின்றன. முத்திரை வாசிக்கக்கூடியதாக உள்ள இடத்தில் ஸ்ரூடியோவின் பெயரும் கீழே வருகிறது. முன்வரிசையில் கதிரையில் இருக்கும் அதிபர், ஆசிரியைமார், மாணவத் தலைவிகளின் பெயர்கள் ஏறக்குறைய எல்லாம் கிடைத்துவிட்டன. பின்வரிசையில் நிற்பவர்கள், விடுதியில் சமைத்த அக்காமார், ஓரத்தில் மணியோடு நிற்கும் காவலாளி ஐயா, இடையில் வந்து இரண்டு தவணை மாத்திரம் படித்துப் போன மலையகப் பிள்ளைகள்: இவர்களின் இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. பெயருக்கு அளவாகக் கோடு போட்டு விட்டிருக்கிறோம். தெரிந்தவர்கள் பேனையால் எழுதி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள். பட்டப்பெயர் மாத்திரம் ஞாபகம் இருந்தால் அதையும் எழுதுங்கள்; ஊர் தெரிந்தால் ஊரையும்.